போட்டுடு ஒரு சைபர்

எங்கள் அலுவலகத்துக் காபி மெஷினுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. இது என் புகார் அல்ல, மூன்றாவது மாடி முழுக்க ஒப்புக்கொண்ட விஷயம். மற்றவர்களுக்கு ஒழுங்காக ஊற்றுகிற அந்தத் தகரப் பெட்டி, எனக்கு மட்டும் அடிக்கடி வெறுங்கப்பை நீட்டும். கப் விழும். உள்ளே மலையைப் புரட்டுகிற மாதிரி உறுமும். ஆவி விடும். கடைசியில் மணியடித்து, எடுத்துக்கொள் என்று பச்சை விளக்கு காட்டும். எடுத்துப் பார்த்தால் கப்பில் ஈரம்கூட இருக்காது.

வெறுங்கப் வாங்குகிறவர், மற்ற எல்லோருக்கும் பிஸ்கட் வாங்கித் தர வேண்டும் என்று எங்கள் அறையில் ஒரு சட்டம். யார் போட்டது என்று தெரியவில்லை, நான் வேலைக்குச் சேரும்போதே இருந்தது. சேர்ந்த பிறகு அந்தச் சட்டத்தை ஏறக்குறையத் தனி ஆளாகக் காப்பாற்றி வருபவள் நான்தான்.

"உன் மூஞ்சியைப் பாத்ததும் அதுக்கு உள்ள இருக்கற தண்ணியே வத்திடுது" என்பார் எங்கள் சீனியர் சைபர்.

"கோவமா போய் நிக்காத கடுகு. சிரிச்சிட்டே அழுத்திப் பாரு" என்பாள் நோண்டி, வாய் நிறைய என் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு.

கடுகு நான். ஆள் சிறிசு, சட்டென்று வெடிப்பேன் என்பதால் சேர்ந்த மாதமே வைத்துவிட்ட பெயர். நோண்டி எங்கள் டெஸ்டர். ஒழுங்காக ஓடுவதையும் நோண்டிக் கெடுத்து, 'பாத்தியா, கெட்டுப்போகுது' என்று காட்டுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். மேனேஜர் பெயர் மெதுவா. தீப்பிடித்துவிட்டது என்று ஓடி வந்தாலும் "மெதுவா, மெதுவா" என்று கையை அமர்த்துகிறவர். வருடக் கடைசியில் என் வேலையைப் பற்றி அவர் எழுதிய மதிப்பீட்டில் ஒரே ஒரு குறைதான் சொல்லியிருந்தார்: குரலைக் குறைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீடு மாவு மில்லை ஒட்டிய வீடு. அங்கே குரலைக் குறைத்தால் உப்பைக்கூடக் கேட்டு வாங்க முடியாது. இதை அவரிடம் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

சைபருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் வேலையைச் சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள், என் அப்பாவுக்குச் சொன்ன அளவுதான் சொல்வேன்.

நாங்கள் செய்வது கம்பைலர். மனிதர் எழுதுகிற புரோகிராமை, மெஷினுக்குள் இருக்கிற சிப்புக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருகிற சாதனம். மாற்றும்போதே, எழுதியவர் எங்காவது சறுக்கியிருந்தால் சொல்லிவிடும். அப்படிச் சொல்வதில் ஒன்று: 'இந்த வேரியபிளில் எதையும் போடாமலே எடுக்கிறாய் போலிருக்கிறது.' வேரியபிள் என்றால் பெயர் ஒட்டிய டப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். புது டப்பா காலியாக இருக்கும் என்றுதான் நினைப்போம். இருக்காது. அந்த இடத்தில் முன்னால் புழங்கியவர் விட்டுப்போன மிச்சம் ஏதாவது கிடக்கும். நாம் எதையும் போடாமல் கையை விட்டால் அந்த மிச்சம்தான் வரும். அதை நம்பி ஒரு மோட்டார் சுற்றினால் கதை கந்தல்.

நல்ல எச்சரிக்கைதான். ஆனால் பாதி நேரம் பொய். 'சர்க்கரை கேட்டிருந்தால், எவ்வளவு என்று டப்பாவில் போடு' என்று மேலே ஒரு வரி இருக்கும். 'சர்க்கரை கேட்டிருந்தால், டப்பாவில் உள்ளதை எடுத்துக் கொட்டு' என்று கீழே ஒரு வரி இருக்கும். கேட்டிருந்தால் இரண்டும் நடக்கும், கேட்காவிட்டால் இரண்டும் நடக்காது. சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். எங்கள் கம்பைலருக்குப் புரியாது. மேலே என்ன பதில் வந்தது என்பதைக் கீழே வருவதற்குள் மறந்துவிடும். 'மேலே கேட்காமல், கீழே மட்டும் கேட்டுவிட்டால்?' என்று, வராத விருந்தாளிக்காக வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்.

இதற்கு சைபரிடம் ஒரே ஒரு வைத்தியம்தான் உண்டு. "போட்டுடு ஒரு சைபர்." டப்பாவைத் திறந்தவுடனே ஒரு பூஜ்யத்தைப் போட்டுவிட வேண்டும். போட்டாகிவிட்டது அல்லவா, கம்பைலர் வாயை மூடிக்கொள்ளும். பதினைந்து இருபது வருடமாக வாடிக்கையாளர் எல்லோருக்கும் அவர் எழுதிக்கொடுத்த மருந்து இதுதான். தலைவலிக்கும் சைபர், காய்ச்சலுக்கும் சைபர்.

இப்போது காபி அக்கா வருகிறார்.

எங்கள் அறையில் நிற்கிற காபி மெஷினைச் செய்கிற கம்பெனியில் புரோகிராம் எழுதுகிற கூட்டத்துக்கு அவர்தான் தலை. எங்கள் கம்பைலரை அதிகம் பயன்படுத்துகிறவர்கள் அவர்கள்தான். மெஷின்கூட அவர்கள் அன்பளிப்பாகக் கொடுத்தது. முகம் பார்த்ததில்லை, போனில் மட்டும் பழக்கம். எடுத்தவுடன் வணக்கமெல்லாம் கிடையாது.

"உங்க கம்பைலர் இன்னைக்கும் பொய் சொல்லுது."

"எத்தனை மேடம்?"

"எண்ணறதை நிறுத்தி ரொம்ப நாளாச்சு. என் வீட்டுக்காரர்கூட இவ்வளவு பொய் சொல்லமாட்டார்."

புது மாடல் மெஷினுக்குப் புரோகிராம் எழுத ஆரம்பித்ததிலிருந்து பொய் எச்சரிக்கைகள் மழையாகக் கொட்டுவதாகவும், எல்லாவற்றுக்கும் சைபர் போட்டுப் போட்டுக் கை ஓய்ந்துவிட்டதாகவும், அடுத்த பதிப்பிலிருந்து இந்த எச்சரிக்கையை அடியோடு அணைத்துவிட வேண்டும் என்றும் அவர் சொல்லியனுப்பினார். மெதுவா தலையாட்டிவிட்டார். எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னபோது சைபரும் தலையாட்டினார். நான் ஆட்டவில்லை.

"அணைச்சிட்டா, நிஜமாவே தப்பு நடக்கறப்ப யாரு சார் சொல்லுவா?"

"மெதுவா, மெதுவா. தூக்கிப் போடலையேம்மா. தானா பேசாது, அவ்வளவுதான். வேணுங்கறவங்க போட்டுக்கட்டும்."

"யாரு போடுவா? நம்ம கையேட்டை நம்மளே படிக்கறதில்ல."

"அது வாஸ்தவம்" என்றாள் நோண்டி.

"அந்தம்மா பேச்சைத் தட்ட முடியாதும்மா" என்றார் மெதுவா.

"சார், பாதி பொய் சொல்லுதுன்னா பொய்யை நிறுத்தணும். வாயைத் தைக்கக் கூடாது."

எனக்கு ஏன் அப்படி எரிந்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கல்லூரி வாசலில் கால் வைத்த நாளிலிருந்து எனக்குக் கிடைத்த அறிவுரை எல்லாம் ஒரே ரகம். கிடைத்திருக்கிறதே என்று இரு. வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார். உனக்கு இது புதுசு, உனக்குத் தெரியாது. சேர்ந்தவுடன் இங்கே யாரும் சீந்தாத இந்த எச்சரிக்கையைத்தான் என் தலையில் கட்டினார்கள். அதுவும் என்னை மாதிரியே பாதி தெரிந்து, மீதியைப் பயந்து, எல்லாவற்றுக்கும் கத்துகிற ஜென்மம். அதைப் போய் அணைக்கிறேன் என்றால்?

மெதுவா நெற்றியைத் தேய்த்தார். "மாசக் கடைசியில அந்தம்மா நேர்ல வராங்க. அதுக்குள்ள பொய்யை நிறுத்திக் காட்டு, இருக்கட்டும். முடியலேன்னா அணைச்சிடறோம். அப்புறம் சண்டை போடக் கூடாது."

"போடமாட்டேன்" என்றேன். போடுவேன் என்று எல்லோருக்கும் தெரியும்.

கம்பைலருக்கு ஞாபகசக்தி கொடுப்பதுதான் என் திட்டம். ஒரு கேள்விக்கு மேலே 'இல்லை' என்று பதில் வந்திருந்தால், கீழே அதே கேள்வி வரும்போதும் 'இல்லை' என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கேட்க எளிது. ஆனால் நடுவில் யாராவது அந்தப் பதிலை மாற்றிவிட்டால்? அப்போது பழைய ஞாபகத்தை நம்பக் கூடாது. எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பதற்குள் எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. இதையெல்லாம் பார்ப்பதால் கம்பைலர் ஆமை வேகத்தில் ஓட ஆரம்பித்தது வேறு. அதைச் சரிசெய்தால் வேறொன்று உடைந்தது. சைபர் தினமும் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்.

"இவ்வளவு எழுதறியேம்மா. அவங்க ஒரு சைபர் போட்டா முடிஞ்சிது."

"அண்ணா, காது குடையறதுக்குக் குச்சி கேட்டா காதையே அறுத்துக் குடுக்கறவர் நீங்க."

"வலிக்காதில்ல?" என்று சிரித்துக்கொண்டே போய்விடுவார். அவரிடம் கோபப்படுவது சோப்பைப் பிடிப்பது மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனால் அங்கே வேறு விசாரணை. அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார், அண்ணன் டயர் கடையில் இருக்கிறான். மில் ஓடிக்கொண்டிருந்ததால் எல்லோரும் கத்தித்தான் சாப்பிட்டோம்.

"என்னம்மா இளைச்சிட்ட? வேலை அதிகமா?" என்று அம்மா கத்தினாள்.

"ஒரு எச்சரிக்கையைச் சரி பண்றேம்மா!"

"யாரு எச்சரிச்சா? மேனேஜரா?"

"மேனேஜர் இல்லம்மா, கம்பைலர்!"

"அவன் யாரு?" என்றான் அண்ணன். "சொல்லு, நான் வந்து பேசறேன்."

அண்ணிக்குப் புரையேறிவிட்டது. அப்பா மட்டும் பொறுமையாகக் கேட்டார். டப்பா, மிச்சம், பொய், சைபர் என்று எல்லாவற்றையும் திரும்பவும் சொன்னேன். நன்றாகத் தலையாட்டிவிட்டு, "ஆக மொத்தம், நீ அங்க என்ன வேலை பாக்கற?" என்றார்.

திங்கட்கிழமை அந்தக் கடுப்போடு போய்க் காபி மெஷின் முன்னால் நின்றேன். வெறுங்கப். நோண்டி கையை நீட்டினாள். கீழே போய் பிஸ்கட் வாங்கி வந்தேன்.

பிஸ்கட் தின்ற வாயால் அவள் ஒரு யோசனை சொன்னாள். "நீ செஞ்சது சரியா வேலை செய்யுதான்னு பாக்க நிறைய பொய் வேணும். புது மாடல் புரோகிராம் மட்டும் போதாது. இதோ நிக்குதே, இந்தப் பழைய மெஷின், இதோட புரோகிராமைக் கேட்டு வாங்கு. அதுல நம்ம அண்ணன் புண்ணியத்துல எல்லா டப்பாவுலயும் சைபர் இருக்கும். அத்தனையையும் நான் பிடுங்கித் தரேன். பழைய கம்பைலர் கத்து கத்துன்னு கத்தும். உன்னோடது கத்தாம இருக்கான்னு பாப்போம்."

காபி அக்கா அனுப்பிவைத்தார். "எதுக்கு இந்தப் பழசு? அது தங்கமா ஓடுது" என்று ஒரு குட்டும் சேர்த்து வைத்தார். நோண்டி சைபர்களைப் பிடுங்கினாள். பழைய கம்பைலரில் ஓட்டினோம். திரை நிறைந்து வழிகிற அளவுக்கு எச்சரிக்கை. என்னுடையதில் ஓட்டினோம். திரை வெறிச்சென்று இருந்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன்.

"உக்காரு" என்றாள் நோண்டி. "கடைசியில ஒண்ணு இருக்கு."

இருந்தது. ஒன்றே ஒன்று. 'தண்ணீர் அளவு என்ற வேரியபிளில் எதையும் போடாமலே எடுக்கிறாய் போலிருக்கிறது.'

புரோகிராமைத் திறந்து பார்த்தேன். மேலே, அளவுப் பொத்தானை அழுத்தியிருந்தால் தண்ணீர் அளவைப் போட்டு, ஆர்டர் தயார் என்று குறித்துவைக்கிறது. நடுவில் சர்க்கரையைக் கவனிக்கிற பகுதியைக் கூப்பிடுகிறது. கீழே, ஆர்டர் தயார் என்றால் அந்த அளவுத் தண்ணீரை ஊற்றுகிறது. அச்சு அசலாக நான் சரிசெய்த அதே ரகம். தயார் என்றால் அளவு இருக்கும், அளவு இல்லாவிட்டால் தயார் இருக்காது. பின் எதற்கு இந்தக் கத்தல்? நடுவில் வருகிற சர்க்கரைப் பகுதியும் அந்தத் 'தயார்' குறியை எங்கோ தொடுகிறதாம். அதனால் ஞாபகத்தை நம்பமாட்டேன் என்கிறது. சர்க்கரைக்கும் தண்ணீருக்கும் என்ன உறவு? பயந்தாங்கொள்ளி!

நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு பொய் மிச்சமிருந்தாலும் காபி அக்கா அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவார் என்று தெரியும். 'இவ்வளவு ஆட்டம் போட்டியே, இதோ பொய் சொல்லுதே' என்பார். மெதுவா அணைத்துவிடுவார். அந்த ஒன்றை அடக்க நான் படாத பாடு பட்டேன். நடுவில் வருகிற பகுதி லேசாகத் தொட்டால் பரவாயில்லை, நம்பு, என்று கம்பைலரைத் தளர்த்தினேன். அடங்கியது. ஆனந்தமாகக் காபி குடிக்கப் போனேன். ஆனந்தத்துக்கு மரியாதை கொடுத்து மெஷினும் கப் நிறைய ஊற்றியது. திரும்பி வருவதற்குள் நோண்டி இடுப்பில் கையை வைத்து நின்றாள்.

"நம்ம டெஸ்ட்ல நிஜத் தப்பு ஒண்ணு வெச்சிருந்தேன். அதையும் சேத்து முழுங்கிடுச்சு உன் கம்பைலர்."

"ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான். அணைச்சு வெக்கறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு நீயே சொல்லு. நீதானே அன்னைக்கு நெஞ்சை நிமித்திப் பேசின?"

செய்ததைப் பிரித்துப் பழையபடி வைத்தேன். அந்த ஒன்று உடனே திரும்பி வந்து, எங்கே போய்விட்டாய் என்பது போல் உட்கார்ந்துகொண்டது.

சைபர் எட்டிப் பார்த்தார். இந்த முறை குரலில் கொஞ்சம் கரிசனம்கூட இருந்தது. "ஒண்ணே ஒண்ணுக்காக எதுக்கும்மா உசுரை விடற? அது அவங்க புரோகிராம். அதுல ஏற்கெனவே சைபர் இருந்துச்சு. நீங்கதானே பிடுங்கினீங்க? இருந்த இடத்துல திருப்பி வெச்சுடு. யாருக்குத் தெரியப் போகுது?"

உண்மையைச் சொல்கிறேன், வைத்துவிட்டேன். அந்த ஒரு சைபரைத் தட்டிவிட்டேன். எச்சரிக்கை போய்விட்டது. கையை எடுத்தபோது ஏதோ கல்லைக் கடித்தது மாதிரி இருந்தது. எல்லோரிடமும் வாயைத் தைக்காதே என்று கத்திவிட்டு, ஊசியை நானே கையில் எடுத்திருக்கிறேன். சைபரை அழித்தேன். பொய்யாகவே இருந்தாலும் ஏன் பொய் என்று தெரிந்துகொண்டு சாகலாம் என்று, அதுவரை தலைப்பை மட்டும் பார்த்து நகர்ந்துகொண்டிருந்த அந்தச் சர்க்கரைப் பகுதியைத் திறந்து வரிவரியாகப் படித்தேன்.

அங்கே இருந்தது. 'சர்க்கரை வேண்டாம்' என்ற பொத்தானை அழுத்தினால், ஆர்டர் தயார் என்று குறித்துவிடு. சர்க்கரை வேண்டாதவர் எதற்குக் காத்திருக்க வேண்டும், சீக்கிரம் ஊற்றுவோம் என்று யாரோ நல்ல மனதோடு எழுதியிருக்கிறார்கள். அளவை அழுத்திவிட்டு இதை அழுத்தினால் ஒரு குறையும் இல்லை. அளவை அழுத்தாமல், முதலிலேயே இதை அழுத்தினால்? ஆர்டர் தயார். தண்ணீர் அளவு? யாரும் போடவில்லை. எங்கள் அறையில் ஓடுகிற மெஷினின் டப்பாவில் இருப்பது, அன்று போட்டுவைத்த சைபர் மட்டும்தான். மெஷின் முக்கி முனகி சைபர் அளவு தண்ணீரை ஊற்றிவிட்டு மணியடிக்கும்.

ஆனால் எந்தக் கிறுக்கு முதலில் போய் 'சர்க்கரை வேண்டாம்' என்பதை அழுத்தும்? அளவைத்தானே எல்லோரும் முதலில்...

கையைப் பார்த்தேன். என் கைதான் அது.

அந்தப் பொத்தான் சிவப்பு. இருப்பதிலேயே பெரியது. சாதாரண நாளில் எல்லோரையும் போல அளவைத்தான் முதலில் அழுத்துவேன். கடுப்பில் போகிற நாளில், கண்ணில் முதலில் படுகிற அந்தச் சிவப்பில்தான் குத்துவேன். மெஷினுக்கு என் கோபம் தெரிகிறது என்று இவர்கள் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தது நிஜம்தான்.

"நோண்டி!" என்று நான் போட்ட கூச்சலில் மெதுவா தன் அறையிலிருந்து "மெதுவா, மெதுவா" என்றபடி ஓடி வந்தார்.

மாதக் கடைசியில் காபி அக்கா வந்தார். குரலை வைத்து ஆறடி உயரத்தில் ஒருவரைக் கற்பனை செய்திருந்தேன். வந்தவர் என்னைவிடக் குள்ளம். என்னைக் கீழிருந்து மேலாகப் பார்த்து, "நீதானா அது? போன்ல பெரிய ஆளா இருப்ப" என்றார்.

புது மாடல் புரோகிராமை ஓட்டிக் காட்டினேன். ஒரு எச்சரிக்கையும் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"சைபர் எதுவும் போடலையே?"

"ஒண்ணுகூடப் போடல மேடம். நீங்க சைபர் போடறதுக்கு முன்னாடி இருந்தபடியேதான்."

"அப்ப அணைக்க வேணாம்ங்கற."

"வேணாம். ஆனா பழைய மாடல்ல ஒண்ணு மட்டும் போகல."

மெதுவா கண்ணை மூடிக்கொண்டார். அதைச் சொல்ல வேண்டாம் என்று காலையிலிருந்து என்னிடம் கெஞ்சியிருந்தார்.

"பாத்தியா!" என்றார் காபி அக்கா. முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "தெரியும் எனக்கு. பழைய மாடல் எத்தனை இடத்துல ஓடுது தெரியுமா? இதுல ஒரு கோளாறுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல. ஒண்ணாயிருந்தா என்ன, நூறாயிருந்தா என்ன, பொய் பொய்தான்."

"காபி குடிக்கலாமா மேடம்?"

"பேச்சை மாத்தாத."

"மாத்தல. வாங்க. சர்க்கரை போட்டுக்குவீங்களா?"

"வேணாம்."

"எனக்கும் வேணாம். முதல்ல அந்தச் சிவப்பை அழுத்துங்க."

அழுத்தினார். கப் விழுந்தது. உறுமியது. ஆவி விட்டது. மணியடித்தது. அவர் கப்பை எடுத்து உள்ளே பார்த்தார். கவிழ்த்துப் பார்த்தார். மறுபடி சிவப்பை அழுத்தினார். மறுபடி வெறுங்கப். இன்னொரு முறை. மூன்று வெறுங்கப்புகளையும் மெஷின் தலைமேல் வரிசையாக வைத்தார். பிறகு மெல்ல, எங்கள் யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"எங்க ஆபீஸ்லயும் இப்படி வரும்."

"வந்தா என்ன பண்ணுவீங்க?" என்றாள் நோண்டி.

"கப் ஒட்டிக்கிட்டு வால்வு அடைச்சுக்குதுன்னு நெனச்சோம். கப் சப்ளை பண்ற கம்பெனியை மாத்தினோம்." கொஞ்சம் நிறுத்தி, "ரெண்டு தடவை மாத்தினோம்" என்றார்.

முதலில் சிரித்தது மெதுவா. அவர் சத்தமாகச் சிரித்து அன்றுதான் கேட்டேன். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. நான் அந்தத் 'தயார்' குறியையும் சர்க்கரைப் பகுதியையும் திரையில் காட்டி விளக்கி முடிக்கும்வரை காபி அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். முடித்ததும் கேட்டார்.

"இதை அன்னைக்கே உங்க கம்பைலர் சொல்லியிருக்குமே?"

"சொல்லியிருக்கும். இந்தச் சைபரைப் போட்டு வாயை அடைச்சிட்டாங்க. யார் போட்டதுன்னு தெரியல."

"எனக்குத் தெரியும்" என்றார் காபி அக்கா. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த சைபர் பக்கம் விரலை நீட்டினார். "அப்ப நான் வேலைக்குப் புதுசு. எங்க ஆபீஸுக்கு வந்து, என் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து, இதெல்லாம் கண்டுக்காதீங்கம்மா, போட்டுடுங்க ஒரு சைபர்னு இவர்தான் போட்டார்."

சைபர் கைக்குட்டையை மெதுவாக மடித்துப் பைக்குள் வைத்தார். மனிதர் அசரவில்லை.

"போட்டேன். போட்டதாலதான் வெறுங்கப்போட போச்சு. போடாம விட்டிருந்தா, டப்பாவுல என்ன மிச்சம் கெடந்துச்சோ அவ்வளவு கொதிதண்ணியும் கொட்டியிருக்கும். கடுகு கையில அஞ்சு விரலும் ஒழுங்கா இருக்குன்னா யாரால?"

அதில் உண்மை இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

"விரலுக்கு நன்றி அண்ணா" என்றேன். "பிஸ்கட்?"

"எத்தனை பாக்கெட்?"

"நான் வேலைக்குச் சேந்ததுல இருந்து வாங்கினது பூரா."

மெதுவா தொண்டையைச் செருமிக்கொண்டு, வந்த வேலையை ஞாபகப்படுத்தினார். "அப்ப மேடம், அந்த எச்சரிக்கையை அணைக்கறதைப் பத்தி..."

"எதைப் பத்தி?" என்று காபி அக்கா திரும்பினார். மெதுவா இரண்டடி பின்னால் போனார். "அது இருக்கட்டும். பழைய மாடலை நாளைக்கே சரி பண்ணணும். ஆனா இந்தா பாரு பொண்ணே, இனிமே பொய் சொல்லுச்சுன்னா மறுபடி போன் பண்ணுவேன். விடமாட்டேன்."

"பண்ணுங்க. பண்ணாம இருந்தாத்தான் பயம் மேடம்."

"அக்கான்னே கூப்பிடு. முதுகுக்குப் பின்னால அப்படித்தானே கூப்பிடற?"

நோண்டியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பிஸ்கட் டப்பாவுக்குள் முகத்தை விட்டிருந்தாள்.

அந்த ஞாயிறு வீட்டில் போய் முழுக் கதையையும் கத்திச் சொன்னேன். வெறுங்கப், சிவப்புப் பொத்தான், மூன்று கப்பை மெஷின் தலைமேல் வைத்தது, எல்லாவற்றையும். முதல் முறையாக வீட்டில் எல்லோருக்கும் புரிந்தது. அம்மா என் விரல்களைப் பிடித்துப் பார்த்து, அந்தச் சைபர் தம்பிக்கு ஒருநாள் சாப்பாடு போட வேண்டும் என்றாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மில் வாசலில், மில்காரரிடம் பேசுகிற அவர் குரல் கேட்டது. நெஞ்சு நிறைந்த குரல்.

"நம்ம பொண்ணு அங்க என்ன வேலை பாக்குதுன்னு கேட்டுக்கிட்டே இருப்பியே. காபி மெஷின் ரிப்பேர் பண்ணுது!"

வெடிக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பாதி சரிதானே.

மெஷினைச் சரிசெய்துவிட்டார்கள். இப்போது எவ்வளவு கோபத்தோடு குத்தினாலும் எனக்குக் காபி வருகிறது. பிஸ்கட் வரத்து நின்றுபோனதில் நோண்டி என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சைபர் வாங்கித் தந்த பாக்கெட்டுகளும் தீர்ந்துவிட்டன. என் ஞாபகசக்திக் கம்பைலர் வெளியாகிவிட்டது, எச்சரிக்கை அணையாமல் இருக்கிறது. சென்ற வாரம் போன் அடித்தது. வழக்கம் போல வணக்கம் கிடையாது.

"உங்க கம்பைலர் இன்னைக்கு ஒண்ணு சொல்லுது" என்றார் காபி அக்கா.

"பொய்யாக்கா?"

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டுகிற ஓசை கேட்டது.

"தெரியல" என்றார். "இரு, பாத்துக்கிட்டிருக்கேன்."